ஸ்லாவிட்சாவின் புளிப்புத் தண்ணீர்

தண்ணீரின் புளிப்பையும் காரத்தையும் அளக்கிற, பேனா போன்ற மீட்டரை வாளியில் முக்கிவிட்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிகிறாள் ஸ்லாவிட்சா. எண் எட்டுக்குக் கிட்டத்தில் போய் நிற்கிறது. “இந்தக் கான்பெரா தண்ணிக்கு எப்பவும் கொழுப்பு ஜாஸ்தி,” என்கிறாள். எலுமிச்சை உப்பு ஒரு சிட்டிகை, மரக்கரண்டியால் ஒரு கலக்கு, மறுபடி மீட்டர். பி.எச். ஆறரைக்கு இறங்கும்வரை வாளி செடிப்பக்கம் நகராது. கை தவறி உப்பு கூடிவிட்டால் பச்சைத் தண்ணீர் விட்டுத் திரும்பவும் தொடங்குவாள். அதற்குள் அடுப்பில் காபி பொங்கி வழிந்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டாள்.

பின்கட்டில் இரண்டு தொட்டிகள், இரண்டிலும் கஞ்சா. ஆளுக்கு இரண்டு செடி வைத்துக்கொள்ளக் கான்பெராவில் சட்டம் இடம் கொடுக்கிறது. “எனக்குப் பிள்ளையும் ரெண்டு, செடியும் ரெண்டு. செடிதான் சொன்ன இடத்துல நிக்குது,” என்பாள்.

பக்கத்து ஊரான குவீன்பியனில் ஒரு செடி வைத்தாலும் குற்றம். எல்லைக்கோட்டுக்கு அந்தப்புறம் அது வேறு மாநிலம். கல்யாணம் ஆன நாள் முதல் ஸ்லாவிட்சா அங்கேதான் இருந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டை விற்றுவிட்டு, கோட்டுக்கு இந்தப்புறம் ஒரு சின்ன வீடு வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். குவீன்பியனில் குடியேறிய அவளுடைய மாசிடோனிய ஜனங்களுக்கு அப்புறம் பல வாரம் வேறு பேச்சே இல்லை. அவள் தம்பி பிளகோயாவுக்குத்தான் முகத்தில் ஈயாடவில்லை. தேவாலயக் கமிட்டியில் இருக்கிறவன்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் அவள். இஞ்சிக்கிழங்கு மாதிரி முடிச்சு முடிச்சாக இருக்கும் விரல்கள் அங்கே சம்பாதித்தவை. சவுக்காரக் காரம் விரிப்பில் தங்கினால் நோயாளியின் தோல் புண்ணாகும் என்று கடைசி அலசலில் அமிலம் விடுவார்கள். ‘புளிப்பு’ என்பது அங்கே அதற்குப் பெயர். அந்தப் பழக்கத்தோடு செடி வளர்க்க வந்தவள், முதல் வருஷம் இருந்த தைரியத்தில் வினிகரைத் தாராளமாக ஊற்றி இரண்டையும் சாகடித்தாள். “துணி பொறுத்துக்கும். வேர் பொறுத்துக்காது,” என்று பிறகு சொன்னாள். மீட்டர் அதன்பின் வந்ததுதான்.

இலையை எண்ணெயில் காய்ச்சி விரல்களில் பூசிக்கொள்கிறாள், பூவில் கொஞ்சம் வெண்ணெயில் போட்டுச் சாப்பிடுகிறாள். வலி போய்விட்டதா என்று கேட்டால், “எங்க போகும்? இருக்கு. என்கூட சண்டைக்கு வராம அது பாட்டுக்கு இருக்கு,” என்பாள்.

இந்த மாசியில் செடிகளுக்கு ஒரு கேடு வந்தது. பூ பிடிக்கிற நேரத்தில் கொழுந்துகள் மஞ்சளாயின, நரம்பு மட்டும் பச்சை. தண்ணீரை அளந்தாள், சரியாக இருந்தது. மீட்டர் கெட்டுப்போனதோ என்று புதிதாக ஒன்று வாங்கி வந்தாள். அதுவும் அதையேதான் சொன்னது. கடைசியில் தொட்டிக்கு அடியில் வடிகிற நீரைத் தட்டில் பிடித்து அளந்தபோது எண் விறுவிறுவென்று ஏறி ஒன்பதைத் தாண்டியது. உள்ளே போவது புளிப்பு, வெளியே வருவது காரம். மேலே மூடியிருந்த வைக்கோலை விலக்கினாள். தண்டைச் சுற்றிச் சுண்ணாம்புக் கட்டிகள் உதிர்ந்து கிடந்தன. வெறும் வெள்ளை இல்லை, லேசான நீலம்.

சுண்ணாம்பில் மயில்துத்தம் கலந்து பிளம் மரங்களுக்குப் பூசுகிறவன் பிளகோயா. கலந்தது மிஞ்சினால் வாளியிலேயே காய்ந்து கட்டியாகக் கிடக்கும். அவள் ரத்தப் பரிசோதனைக்குப் போகிற நாளும் அவனுக்குத் தெரியும்.

அவள் அழவில்லை. கட்டிகளைப் பொறுக்கி ஒரு தயிர் டப்பாவில் போட்டாள். மேல்மண்ணைச் சுரண்டி எறிந்தாள். பிறகு வாளி வாளியாகப் புளிப்புத் தண்ணீரை விட்டுத் தொட்டிகளை அலசினாள். ஒவ்வொரு வாளிக்கும் அளவு, ஒவ்வொரு வடிநீருக்கும் அளவு. விரல்கள் மடங்க மறுத்தபோது வாளியை முழங்கையில் மாட்டிக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை பிளகோயா வீட்டில் மிளகாய் சுடுகிற நாள். வருஷா வருஷம் சொந்தங்கள் அவன் கொட்டகையில் கூடி, குடை மிளகாயைத் தகரத்தில் சுட்டு, தோலுரித்து, குளிர்காலத்துக்கு அய்வார் என்கிற தொக்குக் கிண்டி வைப்பார்கள். ஸ்லாவிட்சா டப்பாவும் மீட்டருமாகக் கொட்டகைக்குள் நுழைந்தாள்.

“வாங்க அண்ணி,” என்று எழுந்தாள் தம்பி மனைவி வெர்கா.

“ஒரு கிளாஸ் தண்ணி குடு வெர்கா.”

தண்ணீர் வந்தது. ஒரு கட்டியை அதில் நசுக்கிக் கலக்கினாள். மீட்டரை முக்கி, எண்ணைத் தம்பி பக்கம் திருப்பிக் காட்டினாள். பன்னிரண்டு. கிளாஸை அவன் முன்னால் வைத்தாள்.

“குடி.”

“என்னக்கா இது?”

“என் செடிக்கு நீ குடுத்தது. நல்லதுன்னுதானே குடுத்தே? குடி.”

மிளகாய் உரித்த கைகள் எல்லாம் நின்றுவிட்டன. பிளகோயா கிளாஸைப் பார்த்தான், அவளைப் பார்க்கவில்லை.

“கோயில்ல நான் தலைகாட்ட முடியல. ‘கஞ்சாக்காரி தம்பி’ங்கறாங்க. எனக்கும் பொண்ணு கல்யாணம் காட்சின்னு இருக்கு. உனக்காகத்தான் செஞ்சேன்.”

“எனக்காகன்னா என்கிட்ட கேட்டிருப்பே. நான் இல்லாத நேரம் பாத்து வந்திருக்க மாட்டே.” குரலை அவள் உயர்த்தவில்லை. “ஊரான் ஊரான் பீத்துணியெல்லாம் துவைச்ச கை இது. யாரைப் பாத்தும் நான் மூஞ்சியைச் சுளிச்சதில்லே. என் வலியைப் பாத்து நீ சுளிக்கிறே. திருட்டுத்தனம் பண்ணினது நீ. நான் ஏன்டா தலைகுனியணும்?”

“போலீஸுக்குப் போகப் போறியா?”

“எதுக்கு? சட்டப்படி செடி வளக்கறவ நான். அடுத்த வீட்டுக்குள்ள திருட்டுத்தனமா பூந்தவன் நீ. போலீஸுக்கு யார் பயப்படணும்னு யோசிச்சு நீயே சொல்லு.”

அவன் கிளாஸை எடுத்துக் கொட்டகைக்கு வெளியே கொட்டினான். “தப்புதான்” என்று சொன்ன மாதிரி இருந்தது. மிளகாய்ப் புகையில் யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை.

அவள் கிளம்பிவிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவளோ ஒரு முக்காலியை நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சூடு ஆறாத மிளகாய் ஒன்றை எடுத்து உரிக்கத் தொடங்கினாள். “உப்பு கம்மியா போடு வெர்கா. போன வருஷம் வாயில வைக்க முடியல.” அன்று சுட்டதில் பாதி அவள் மடியில்தான் உரிந்தது.

ஒரு செடி பிழைக்கவில்லை. மற்றது கொழுந்து பச்சையாகித் தாமதமாகப் பூத்தது. விளைச்சல் பாதிக்கும் குறைவு. குளிர்காலம் முழுவதும் தாங்காது என்று அவளுக்குத் தெரியும். இடதுகைக்குப் பூசுவதை நிறுத்திக்கொண்டாள். காலியான தொட்டிக்குப் புது மண் போட்டு வைத்திருக்கிறாள்.

மிளகாய் சுட்டதற்கு அடுத்த வார ஞாயிறு, பூசை முடிந்து தேவாலயக் கூடத்தில் காபி. கொட்டகையில் நடந்தது அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. நீள மேசையில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். உட்கார இடமில்லாமல் இருவர் சுவரோரம் நின்றே காபி குடித்தார்கள். ஸ்லாவிட்சாவுக்குப் பக்கத்து நாற்காலி மட்டும் காலியாக இருந்தது.

அவள் அந்த நாற்காலியைப் பார்த்தாள். சுவரோரம் நின்றவர்களைப் பார்த்தாள். பிறகு குனிந்து செருப்புகளைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு கால்களையும் தூக்கி அதன்மேல் வசதியாக நீட்டிக்கொண்டு, காபியை ஊதினாள்.