குப்பிகளின் கடைசி அலசல்

ஜப்பானின் செண்டாய் நகரில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் ஃபுமியே தடோகோரோ இருபத்திரண்டு வருடம் குப்பிகளைக் கழுவினார், தவளைத் தொடைத் தசையைப் பிரித்தார். தலைமுடி அளவே பருமனான ஒற்றை இழையை எடுத்து, நுண்ணோக்கியின் கீழ் ஊசிமுனையால் அதன் மேலுறையை உரிப்பார். தவளை செத்துப்போனாலும் அந்த இழை வேலை செய்யும். சக்தி தரும் ஏடிபி கரைசலில் அது தளர்ந்து கிடக்கும். துளி கால்சியம் பட்டால் சுருங்கும். உள்ளே தடித்த நூல்களும் மெல்லிய நூல்களும் மாறி மாறி அடுக்கியிருக்கின்றன. கால்சியம் வந்தால்தான் மெல்லிய நூலில் பிடிமானம் திறக்கும். தடித்த நூலின் குட்டித் தலைகள் அதைப் பற்றி இழுக்கும், விடும், மறுபடி பற்றும்.

எங்கள் ஆய்வு மாணவர் குராமோச்சி, கால்சியமே இல்லாமல் இழையைச் சுருக்கும் ஒரு சாற்றைத் தசையிலிருந்தே எடுத்துவிட்டதாக நம்பினார். ஃபுகுவோக்கா நகரில் அவருக்குக் கிடைக்கவிருந்த வேலை அந்தக் கட்டுரையை நம்பி இருந்தது. அதை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தவள் நான்.

ஆகஸ்டில், முன்னோர் வழிபாட்டு விடுமுறைக்கு ஃபுமியே ஊருக்குப் போய்த் திரும்பினார்.

"நீங்க இல்லாத வாரம் நானே உரிச்சேன். இழையெல்லாம் செத்த புழு மாதிரி கெடந்துச்சு," என்றார் குராமோச்சி. "சாறு வெயில்ல கெட்டுப்போச்சு போல. இல்லேன்னா உங்க கை படாம தவளைங்க வேலைநிறுத்தம் பண்ணுது, தடோகோரோ-சான்."

ஃபுமியே சிரிக்கவில்லை. என்னிடம் வந்தார்.

"நான் இல்லாதப்ப சாறு வைக்கிற குப்பியெல்லாம் நீதான் கழுவினியா?"

"ஆமாங்க. செவுத்துல எழுதியிருக்கிற மாதிரி, கடைசியா, காய்ச்சி வடிச்ச வாலைத் தண்ணியில மூணு தடவ."

தலையாட்டிவிட்டுப் போனார்.

அக்டோபரில் கட்டுரை முடிந்தது. ஃபுமியேவுக்கு ஆங்கிலம் தெரியாது. தன் பெயரின் எழுத்துகள் மட்டும் தெரியும். "கடைசியில என் பேரு இருக்கே, என்ன எழுதியிருக்கார்?" என்று கேட்டார்.

சொன்னேன். "உங்க கவனமான கைக்கு நன்றின்னு."

அவர் கைகளை மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மறுநாள் மதியம், கட்டிடத்துக்குப் பின்னால் உள்ள கல்லின் முன் கூடினோம். சோதனைக்காகச் செத்த உயிர்களுக்கு வருடம் ஒருமுறை அங்கே அஞ்சலி. பேராசிரியர் எண்ணிக்கையை வாசித்தார்: தவளை, ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. ஆளுக்கொரு வெள்ளைச் சாமந்தி வைத்துவிட்டுக் கலைந்தோம். ஃபுமியே மட்டும் பூவோடு நின்றார். குராமோச்சியும் நானும் அவரைக் கூப்பிடத் திரும்பி வந்தோம்.

"என்ன, ஒவ்வொரு தவளையாக் கும்பிடுறீங்களா? சோறு ஆறிடும்," என்றார் குராமோச்சி.

"இதுல அறுநூறு வீணாச் செத்தது."

"என்ன சொல்றீங்க?"

"குப்பி தினம் அறுபது. வாலையில ஒரு நாளைக்கு ரெண்டு புட்டி தண்ணிதான் சொட்டும். பிப்ரவரிக் குளிருல அதுவும் பத்தல. சாறு வைக்கிற குப்பிய மட்டும் கடைசியாக் குழாய்த் தண்ணியில அலசிக் காயவெச்சேன். அப்படியே பழகிடுச்சு." குரல் இறங்கியது. "குழாய்த் தண்ணியில கால்சியம் இருக்குதில்ல. காஞ்ச பிறகும் குப்பியில ஒட்டியிருக்கும்."

குராமோச்சி சாமந்திகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பத் தெரிஞ்சுது?"

"ஆகஸ்ட்ல. இவ கழுவின வாரம் அசையலன்னீங்களே, அப்ப."

"அதுக்கப்புறம்?"

"குழாயிலதான் கழுவினேன். மாத்தினா உங்க இழை அசையாதுன்னு தெரியும்."

குராமோச்சி உள்ளே போனார். ஒரு குப்பியை வாலைத் தண்ணீரில் தானே மூன்று தடவை அலசி, புதுச் சாறு நிரப்பினார். ஃபுமியே ஓர் இழையை உரித்து, கொக்கியில் மாட்டிக் கரைசலில் இறக்கினார். சாறு சொட்டியது. இழை அசையவில்லை. கால் மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தோம். பிறகு குராமோச்சி குழாயைத் திறந்து சொட்டானில் தண்ணீர் பிடித்து வந்து இழைமேல் ஒரு துளி விட்டார். இழை மெல்லத் தடித்துக் குறுகிக் கொக்கியை வளைத்தது.

"ம்," என்றார்.

என் மேசையிலிருந்த கட்டுரையை எடுத்துத் தன் இழுப்பறைக்குள் வைத்தார். அவர் திட்டியிருந்தால் ஃபுமியேவுக்கு எளிதாக இருந்திருக்கும். சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு அவர் வெளியே போய்விட்டார்.

ஃபுமியே அறுபது குப்பிகளையும் அள்ளித் தொட்டியில் போட்டார். வாலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டக் காத்திருந்து, ஒவ்வொன்றையும் மும்மூன்று தடவை அலசினார். முடிக்க நான்கு நாள் ஆயிற்று. அந்தக் குப்பிகளை யாரும் கேட்கவில்லை.