பேச்சியின் காளைக்கு இரண்டு கொம்பு

அலங்காநல்லூர்ப் பள்ளியில் ஒரு பிள்ளையை அழவைத்துவிட்டு, வந்த பஸ்ஸிலேயே நான் திரும்பிவிட்டதாக மதுரையில் சொல்லிக்கொள்கிறார்கள். பிள்ளை அழவில்லை. நான் திரும்பியது மறுநாள். அந்தப் பக்கம் சித்திரம் கற்பிக்கப் போக நினைக்கும் ஆசிரியைகளுக்காக நடந்ததை எழுதுகிறேன்.

கான்வென்டில் எனக்குச் சித்திரம் கற்பித்த கன்னியாஸ்திரீ தந்த மூன்று படங்கள் என்னிடம் உண்டு: எகிப்து, பாரசீகம், சீனா. பிற தேசத்தார் எப்படி வரைகிறார்கள் என்று மூன்றாம் வகுப்புக்குக் காட்டும்படி அவ்வூர் ஹெட்மாஸ்டர் எழுதியிருந்தார். பொங்கல் கழிந்த வாரம் புறப்பட்டேன்.

பத்து மைல், நாலணா. யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காததால் கரி எரித்து ஓட்டும் வண்டி. ஏழு மணி பஸ் எட்டேகாலுக்குத்தான் நகர்ந்தது. டிரைவரிடம் கடிகாரத்தைக் காட்டினேன்.

"கரி பத்தணும்லம்மா. அம்புட்டு அவசரம்னா முன்னால நடங்க, வழியில ஏத்திக்கிறேன்" என்றார்.

ஒரு மேட்டில் எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். நான் இறங்கவில்லை.

வகுப்பில் முதலில் ஒரு காளை வரையச் சொன்னேன். பேச்சி என்ற எட்டு வயதுப் பெண்ணின் காளை பக்கவாட்டில் நின்றது; கொம்புகள் மட்டும் நேரே நம்மைப் பார்த்து இருபுறமும் விரிந்திருந்தன. கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே வரைய வேண்டும் என்பது நான் படித்த பாடம்; பக்கவாட்டில் நிற்கும் மாட்டுக்கு ஒரு கொம்புதான் தெரியும். சிவப்பு மையால் தப்புப் போட்டேன். இன்ஸ்பெக்டர் வருகைக்காகச் சுவரில் ஒட்டும் படங்களில் அவளுடையதற்கு இனி இடமில்லை. தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பிறகு எகிப்துப் படத்தை விரித்தேன். ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன் கல்லறைச் சுவரில் தீட்டிய உழவுக் காட்சி. அதன் அழகைச் சொல்லத் தொடங்கினேன், முடிக்கவில்லை.

"டீச்சரு, இவுகளுக்கும் தப்புப் போடுவீகளா?" என்றாள் பேச்சி.

பார்த்தேன். மாட்டின் உடல் பக்கவாட்டில். கொம்பு இரண்டும் நேரே. நாற்பது வருஷமாக அந்தப் படம் என் பெட்டியில் இருக்கிறது.

"நீ ஏன் அப்படி வரைந்தாய்?"

"ரெண்டு கொம்பும் எங்கிட்டு இருக்குன்னு பாக்காம மாட்டுக்கிட்ட நின்னா கொடலு வெளிய வந்துரும்ல?"

வகுப்பே சிரித்தது. நான் மறுபடி படத்தைப் பார்த்தேன். யாரோ ஓர் எகிப்தியனும் இந்தப் பெண்ணும் ஒரே பயத்தோடு மாட்டைப் பார்த்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பயம் இல்லை. அதனால் எனக்கு ஒரு கொம்பு போதுமாக இருந்தது.

அன்று அங்கேயே தங்கினேன். காலையில் அவளிடம் புதுத் தாள் நீட்டினேன்.

"வேற தாள்ல போட்டா வேற மாடுதான் வரும்" என்று கையைக் கட்டிக்கொண்டாள்.

பழைய தாளையே கேட்டு வாங்கி, சிவப்புக் குறியின் கீழே 'தவறு என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்திட்டு, சுவரில் ஒட்டும்படி ஹெட்மாஸ்டரிடம் கொடுத்தேன்.

ஹெட்மாஸ்டர் தலையைச் சொறிந்தார். "இன்ஸ்பெக்டர் கேட்டா என்னம்மா சொல்ல?"

"படிக்கத் தெரிந்தவர்தானே?" என்றேன்.

போகிறவர்கள் குடிதண்ணீர் எடுத்துப் போங்கள். வெள்ளைப் புடவையில் கரி படியும். எனக்கு வேறு நிறமில்லை, உங்களுக்கு இருக்கலாம். முதலில் படங்களைக் காட்டுங்கள், பிறகு வரையச் சொல்லுங்கள். சிவப்பு மை வீட்டிலேயே இருக்கட்டும்.

ஹெட்மாஸ்டர் ஐயா, இந்நேரம் இன்ஸ்பெக்டர் வந்துபோயிருப்பார். பேச்சியின் காளை சுவரில் இருந்ததா, இல்லையா? ஒரு கார்டில் எழுதி அனுப்புங்கள்.