காயத்துக்கு இடமில்லாத அட்டை

எங்கள் காம்பவுண்டில் எழுபத்து மூன்றிலேயே கம்ப்யூட்டர் இருந்தது.

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால், ஒரே அடிபம்பை நம்பி ஒண்டுக்குடித்தனங்கள் நெருக்கியடித்துக் கிடந்த இடம் அது. துறைமுகத்திலிருந்து வந்த தேயிலைப் பெட்டி ஒன்று மூலையில் கிடந்தது. அதன் முகத்தில், தபால் பெட்டிக்கு இருப்பதுபோல ஒரு வாய் அறுத்தோம். உள்ளே ஐரீன் உட்கார்ந்துகொள்வாள். வெளியிலிருந்து ஓட்டை போட்ட அட்டை ஒன்றை வாய்க்குள் தள்ளிவிட்டு நாங்கள் கேள்வி கேட்போம். ஐரீன் 'டர்ர்ர்' என்று நாக்கை உருட்டிச் சத்தம் எழுப்பிவிட்டுப் பதில் சொல்வாள்.

அந்த அட்டைகளைக் கொண்டுவந்தவள் ஐரீனின் அக்கா ஃப்ளோரன்ஸ். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருந்த ஒரு ரசாயன ஆலையில் அவளுக்குக் கார்டு பஞ்ச் செய்யும் வேலை. கெட்டுப்போன அட்டைகளை வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்று அங்கே அனுமதி உண்டு. அவள் பை நிறைய அள்ளிக்கொண்டு வருவாள். எங்கள் அம்மாக்கள் அவற்றால் அடுப்பு பற்றவைத்தார்கள், குழந்தைகள் அசிங்கம் செய்தால் வழித்து எடுத்தார்கள். ஃப்ளோரன்ஸின் அம்மா சிலுவையம்மாள் அவற்றை மடித்துக் கிறிஸ்துமஸ் குடிலுக்குக் கூரை வேய்ந்தார். நாங்கள் கம்ப்யூட்டர் விளையாடினோம்.

என் அப்பாவின் பெயர் அப்பாவு. அதே ஆலையில் பாய்லருக்குக் கரி தள்ளுகிறவர். வேலை முடிந்து வந்ததும் கரி முகத்தோடு பெட்டிக்கு எதிரே குந்திக்கொள்வார்.

"இன்னாமே கம்ப்யூட்டரு, இந்த வர்சமாவது போனஸ் ஒயுங்கா குடுப்பானா?"

"டர்ர்ர்... குடுக்க மாட்டான். சாராயக் கடைக்குப் போவாம நேரா வூட்டுக்கு வந்தா சொக்கம்மா அக்கா சோறு குடுக்கும்."

"அடிங்க! பொட்டிக்குள்ள கீறது கம்ப்யூட்டரா, என் பொண்டாட்டியா?"

என் அம்மா சொக்கம்மாள் உள்ளேயிருந்து சிரிப்பாள். ஃப்ளோரன்ஸும் சிரிப்பாள். "அப்பாவுண்ணே, மெய்யான மிஷினு இப்டில்லாம் பேசாது. நாம இன்னா குத்தி அனுப்புறமோ அத்தயேதான் திருப்பிக் குடுக்கும். அதுக்குன்னு ஒரு மண்ணும் தெரியாது" என்பாள். அதை யாரும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. மனிதன் ஒன்றைச் செய்துவிட்டு அதற்கு முன்னாலேயே விழுந்து கும்பிடுவது புதிதா என்ன?

அந்த ஆலையிலும் கும்பிடத்தான் செய்தார்கள். ஆயுத பூஜை அன்று கம்ப்யூட்டருக்குச் சந்தனம் பூசி, பொட்டு வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைப்பார்கள். மிஷினுக்குக் குளிர்சாதன அறை. அதற்குப் பக்கத்தில், அட்டை குத்தும் பெண்களுக்குச் சுவரில் ஒரு காற்றாடி. மிஷினுக்கு வேர்த்தால் கெட்டுப்போகும். பெண்களுக்கு வேர்த்தால் கம்பெனிக்கு நஷ்டமில்லை.

ஃப்ளோரன்ஸின் அப்பா அருள்நாதன் துறைமுகத்தில் கரி இறக்கியே நெஞ்சு கெட்டுச் செத்தவர். அதன் பிறகு அந்த வீட்டைத் தாங்கியவர்கள் இரண்டு பேர். ஒருத்தி ஃப்ளோரன்ஸ். இன்னொருவன் அவள் அண்ணன் ஜார்ஜ். அவனும் பாய்லர் ஹவுஸில்தான், ஃபிட்டருக்கு உதவியாள். ஜார்ஜுக்கு நிரந்தர வேலை என்பதால்தான் ஐரீன் பள்ளிக்கூடம் போனாள். அந்த வேலை போனால் ஐரீன் இறால் உரிக்கப் போக வேண்டும்.

எழுபத்து நான்கு மழைக்காலத்தில் பாய்லர் ஹவுஸில் நீராவிக் குழாய் ஒன்று வெடித்தது. பழைய குழாய், மாற்ற வேண்டும் என்று ஃபிட்டர் பலமுறை சொல்லியும் மாற்றாத குழாய். ஜார்ஜின் வலது கை தோள்வரை வெந்துபோயிற்று. கொதிநீராவிக்குள் புகுந்து அவனை இழுத்துக்கொண்டு வந்தவர் என் அப்பா. அவருக்கு இரண்டு பாதங்களும் வெந்தன. இரண்டு பேரும் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அப்பா முதலில் எழுந்து வேலைக்குப் போனார். ஜார்ஜுக்கு வெகுநாள் ஆயிற்று.

அடுத்த கோடையில் ஆலை ஆட்குறைப்பு அறிவித்தது. ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒருவர் போக வேண்டும். யார் என்பதை அதிகாரி சொல்ல மாட்டார், மேஸ்திரி சொல்ல மாட்டான். கடந்த ஒரு வருஷத்தில் யார் அதிகமாக வேலைக்கு வராமல் இருந்தார்களோ அவர்களைக் கம்ப்யூட்டரே பொறுக்கி எடுக்கும்.

தொழிலாளிகள் பலர் இதை வரவேற்றதுதான் கொடுமை. என் அப்பாவே டீக்கடையில் சொன்னார்: "நல்லதுதான் நைனா. மேஸ்திரின்னா அவன் ஆள உட்டுட்டு நம்மள பிடிப்பான். மிஷினுக்கு ஜாதியா கீது, மச்சானா கீறான்?" சங்கமோ வாசலில் நின்று கம்ப்யூட்டர் ஒழிக என்று கத்தியது. வேலைக்குப் போகும் ஃப்ளோரன்ஸைப் பார்த்து, "தோ போறா பாரு, மிஷினுக்கு சம்சாரம்!" என்று கேலி செய்தது. மிஷினுக்குள் என்ன போகிறது என்று கேட்க இரு தரப்பிலும் ஆள் இல்லை.

உள்ளே போவது என்ன என்று பார்த்தவள் ஃப்ளோரன்ஸ். ஆபீஸிலிருந்து வரும் தாளைப் பார்த்து அட்டையில் துளை போடுவது அவள் வேலை. ஆளுக்கு ஓர் அட்டை. பெயர் கிடையாது, டோக்கன் நம்பர்தான். வேலைக்கு வந்த நாள், வராத நாள். அவ்வளவுதான். ஜார்ஜின் நம்பர் அவளுக்கு மனப்பாடம். அந்த நம்பர் தைத்த அவன் சட்டையைத் தினமும் துவைத்தவள் அவள்தான். அந்த நம்பருக்கு எதிரே, அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் 'வராத நாள்' என்று இருந்தது.

எழுந்து அறை அதிகாரியிடம் போனாள்.

"சார், வேலைல காயம்பட்டு ஆஸ்பத்திரில இருந்தவங்களையும் வராதவங்கன்னே போட்டிருக்கு."

"வரலதானே?"

"வரலதான் சார். ஆனா காயம் இங்கதானே பட்டுது? அதுக்குத் தனியா ஒரு இடம் வெச்சா..."

"அட்டையில இடம் இல்லைம்மா. எல்லாக் கட்டமும் நிறைஞ்சாச்சு. காயம், கல்யாணம், கருமாதின்னு ஒவ்வொண்ணுக்கும் இடம் கொடுக்க ஆரம்பிச்சா இது கம்ப்யூட்டரா, சத்திரமா?"

அவர் கெட்டவர் இல்லை. படித்தவர், மரியாதையாகப் பேசுகிறவர். அவர் பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தால் போதும். போடவில்லை. அவர் பக்கத்தில் கொதிநீராவி வந்ததில்லை.

இங்கே அந்த அறையின் வேலைமுறையைச் சொல்ல வேண்டும். ஃப்ளோரன்ஸ் குத்திய அட்டையும், தாளும் அடுத்த மேஜையில் இருக்கும் ஜன்னத்திடம் போகும். ஜன்னத் தாளைப் பார்த்து அதே எண்களை மறுபடியும் அடிப்பாள். அவள் அடிப்பதும் முன்பே குத்தியதும் ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு விளக்கு எரிந்து அவளுடைய சரிபார்க்கும் மிஷின் நின்றுவிடும். ஒருத்தி செய்த பிழை அந்த அறையைத் தாண்டிப் போக முடியாது. பிழை வெளியே போக வேண்டுமென்றால் இரண்டு பேரும் ஒரே பிழையைச் செய்ய வேண்டும்.

சாப்பாட்டு வேளையில் ஃப்ளோரன்ஸ் ஜன்னத்திடம் வாய் திறந்தாள். ஜன்னத் புளியந்தோப்பு, அவள் அம்மா ரஹீமுன்னிசாவும் தம்பிகளும் அவள் சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள்.

"ஜன்னத்து, ஒரே ஒரு கார்டு. வராத நாளுங்கிற எடத்துல முட்ட போட்டுடறேன். நீயும் முட்டயே போடு."

"பைத்தியமாடி உனக்கு? மாட்னா ரெண்டு பேரையும் தொரத்திடுவான்."

"எங்க அண்ணன்டி. கை வெந்து கெடந்தான்."

ஜன்னத் டிபன் பாக்ஸை மூடினாள். "உன்னோட பேஜாரா பூட்ச்சு" என்றாள். "எந்த நம்பரு?"

அன்று மாலைக்குள் அந்த அட்டை போயிற்று. சிவப்பு விளக்கு எரியவில்லை.

வாழ்க்கையில் வேறு எதையும் திருடாத இரண்டு பெண்களால், ஒரு மனிதன் வெந்ததை வெந்தது என்று சொல்ல இதைத்தான் செய்ய முடிந்தது. ஆனால் ஃப்ளோரன்ஸ் ஒன்றை யோசிக்கவில்லை. ஒருவர் போயே தீர வேண்டும் என்பது கணக்கு. ஜார்ஜ் விலகினால் அவனுக்கு அடுத்தவர் மேலே வருவார். அது யார் என்று அவள் பார்க்கவில்லை. அட்டையில் பெயர் இருந்தால் கண்ணில் பட்டிருக்கும். இருந்தது நம்பர். எவனோ மட்டம் போட்டுக்கொண்டு ஊர் சுற்றியவன் போவான் என்று நினைத்துக்கொண்டாள்.

பாய்லர் ஹவுஸில் ஜார்ஜுக்கு அடுத்தபடி அதிக நாள் வராதவர் என் அப்பா.

ஆலை வாசலில் அறிவிப்பு ஒட்டிய அன்று அப்பா தன் பாதத்தைப் பார்த்தபடியே வீட்டுக்கு வந்தார். சங்கத்துக்காரர்கள் கொதித்தார்கள், இரண்டு நாள் வாசலில் நின்றார்கள், போனார்கள். ஜார்ஜுக்கு ஒன்றும் புரியவில்லை. "மிஷினுக்கு என் காயம் தெரிஞ்சுகீது, அப்பாவுண்ணன் காயம் மட்டும் எப்டி தெரியாம பூட்ச்சு?" என்று காம்பவுண்டு முழுக்கக் கேட்டுக்கொண்டு திரிந்தான்.

ஃப்ளோரன்ஸ் அதிகாரியிடம் போய் உண்மையைச் சொல்லிவிடத்தான் நினைத்தாள். நான்தான் செய்தேன், என்னை அனுப்புங்கள், அப்பாவுவைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும். சொல்ல முடியாது. 'நான்' என்று சொல்ல அந்த அறையில் வழி இல்லை. ஒருத்தி ஒப்புக்கொண்டால் அடுத்த மேஜைக்காரியும் மாட்டுவாள். ஜன்னத் அவளிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை, முகத்தை மட்டும் பார்த்தாள். ஃப்ளோரன்ஸ் மறுபடியும் அட்டையைக் கையில் எடுத்தாள்.

ஆனால் அண்ணனிடம் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் வழியில், கடற்கரைக் கல் அணையில் உட்கார்ந்து சொன்னாள். ஜார்ஜ் அவளை அடிக்கக் கையை ஓங்கினான். அந்தக் கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. ஓங்கிய கையோடு உட்கார்ந்து அழுதான்.

மறுநாள் அவன் ஆபீஸுக்குப் போய், தங்கையைக் காட்டிக்கொடுக்காமல், "எனக்கு வேல வேணாம் சார், என் எடத்துல அப்பாவுண்ணன போடுங்க" என்றான். எழுதிக் கொடு என்றார்கள். கொடுத்தான். வாங்கி வைத்துக்கொண்டார்கள். அப்பாவைக் கூப்பிடவில்லை. கேட்கப் போனவனிடம், "கம்ப்யூட்டர் முடிவு பண்ணினதை நாங்க மாத்த முடியாதுப்பா. நீ விட்டுப்போனது உன் இஷ்டம். அந்த இடத்துக்கு ஆளே தேவையில்லைன்னு ஆயிடுச்சு" என்றார்கள்.

ஒருவர் போக வேண்டிய பிரிவில் இரண்டு பேர் போனார்கள். கம்பெனிக்கு இன்னும் லாபம்.

ஜார்ஜ் காசிமேட்டில் ஐஸ் உடைக்கப் போனான். வெந்த தோலில் ஐஸும் உப்பும் படும்போது எப்படி இருக்கும் என்று அவன் சொன்னதில்லை. அப்பா சரியாக நடக்க முடியாத பாதங்களோடு எண்ணூர்ப் பக்கம் உப்பு மூட்டை தூக்கினார். ஐரீன் பள்ளிக்கூடத்தை விட்டாள்.

ஒரு மாலை அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு ஃப்ளோரன்ஸ் வீட்டுக்குப் போனாள். கையில் கொஞ்சம் சுட்ட வாளைக் கருவாடு. ஒரு காரியமாகப் போகிறவள் வெறுங்கையோடு போக மாட்டாள்.

"ஃப்ளோரன்ஸு, நீ அந்த மிஷினாண்டதானே வேல செய்ற? நீ கேட்டா சொல்லும். எங்க வூட்டுக்காரரு இன்னா தப்பு பண்ணாருன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லேன். வேல திரும்பி வாணாம். இன்னா தப்புன்னு தெரிஞ்சா போதும். அந்த மனுசன் தூங்கவே மாட்டேங்கிறாரு. நம்ம கையில இன்னா தப்பு, இன்னா தப்புன்னு பொலம்பிகினே கீறாரு."

ஃப்ளோரன்ஸ் அம்மாவைப் பார்த்தபடி நின்றாள். பிறகு தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணன் ஒரு தப்பும் பண்ல அக்கா. மிஷினும் பண்ல. நான் பண்ணேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். ஜன்னத்தின் பெயரை மட்டும் சொல்லவில்லை. அது பிற்பாடு, நான் வளர்ந்த பிறகு, எனக்கு ஃப்ளோரன்ஸே சொன்னது.

அம்மா கத்துவாள், முடியைப் பிடித்து இழுப்பாள் என்று நான் பயந்தேன். அம்மாவும் தரையில் உட்கார்ந்தாள். "உன் அண்ணன் ஆச்சே" என்றாள். "நானா இருந்தாலும் அப்டித்தான் பண்ணியிருப்பேன்." கருவாட்டுப் பொட்டலத்தை அங்கேயே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அப்பாவிடம் அவள் இதைச் சொல்லவில்லை. அவர் தன் தப்பைத் தேடிக்கொண்டேதான் செத்தார்.

அன்றிலிருந்து அம்மா ஃப்ளோரன்ஸோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. எதிரே வந்தால் முந்தானையை இழுத்துக்கொண்டு ஒதுங்குவாள். புரிந்துகொண்டாள், மன்னிக்கவில்லை. ஃப்ளோரன்ஸும் மன்னிப்பை எதிர்பார்க்கவில்லை. ஓய்வு பெறும்வரை அதே நாற்காலியில் உட்கார்ந்து, அட்டை இருந்தவரை துளை போட்டாள், அட்டை ஒழிந்த பிறகு கீ தட்டினாள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்த வீட்டில் மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தது அவள் சம்பளம் ஒன்றுதான்.

அட்டையில் காயத்துக்கு இடமில்லை என்று சொன்ன அதிகாரி பதவி உயர்வு பெற்றுப் பம்பாய்க்குப் போனதாகக் கேள்விப்பட்டோம். அவர்மீது கோபப்பட எங்கள் காம்பவுண்டில் யாருக்கும் தோன்றவில்லை. அவர் பெயரே எங்களுக்குத் தெரியாது.