கால் ஊன்றாத ஞாயிறு

மூன்று வருடங்களுக்கு முன், பனி கொட்டிய ஒரு மார்கழி ஞாயிறு. பெங்களூரு வைட்ஃபீல்டிலிருந்து காரின் பின்னால் சைக்கிள்களைக் கட்டிக்கொண்டு, விடியும் நேரத்தில் நந்தி மலை அடிவாரத்தில் போய் இறங்கினோம், நானும் என் ஆபீஸ் தோழியும்.

எங்கள் சைக்கிள் கூட்டத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. அடிவாரத்தில் மிதிக்க ஆரம்பித்தால் உச்சி வரை கால் தரையில் படக்கூடாது. பட்டுவிட்டால் ஏறியதாகக் கணக்கே இல்லை. நான் ஒவ்வொரு முறையும் ஏதாவதொரு வளைவில் மூச்சு முட்டி, காலை ஊன்றிவிடுவேன். கோலார் தங்கவயலில் பிறந்த என் தோழியோ சிட்டாகப் பறந்துபோய், உச்சியில் நின்று என்னைக் கிண்டலடிப்பாள். அந்த ஞாயிறுக்கு அடுத்த வாரம் அவள் குடும்பத்தோடு கனடா போகவிருந்தாள், ஒரேயடியாக. அவள் இங்கே இருக்கும்போதே ஒரு தடவையாவது ஏறிக் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு வெறி.

அன்று அவள் முன்னால் போகவில்லை. என் ஆமை வேகத்துக்கு ஈடுகொடுத்துப் பக்கத்திலேயே வந்தாள்.

"மேல பாக்காதடி. முன்சக்கரத்த மட்டும் பாரு."

உச்சிக்குக் கொஞ்சம் கீழே, மிகச் செங்குத்தான வளைவு. குரங்கு ஒன்று குறுக்கே பாய்ந்தது. அவள் பிரேக் பிடித்தாள். அவள் போட்டிருந்தது பெடலோடு பூட்டிக்கொள்ளும் ஷூ. அதை விடுவிப்பதற்குள் சைக்கிளோடு சாய்ந்து விழுந்தாள். நான் பதறி வேகத்தைக் குறைத்தேன்.

"ஏய், நிக்காத! போய்னே இரு!" என்று தரையில் கிடந்தபடியே கத்தினாள்.

அந்த அதட்டலுக்குப் பயந்தே மிதித்தேன். குரங்கையும் அவளையும் கனடாவையும் திட்டிக்கொண்டு, அழுதுகொண்டே மிதித்தேன். உச்சியில் கைதட்ட ஆளில்லை. அவளைத் தேடி உடனே சைக்கிளைத் திருப்பினேன். அதற்குள் கோணிப்போன ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு அவளே வந்துவிட்டாள். முழங்கையிலிருந்து ரத்தம் சொட்டியது.

"கால் வெச்சியா?"

"இல்லடி."

சைக்கிளை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். என் ஜெர்சியெல்லாம் ரத்தம். இருவரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம்.

அதற்குப் பிறகு எத்தனையோ மலைகள் ஏறிவிட்டேன். இருந்தும் ஒவ்வொரு உச்சியிலும் என் கண்கள் கொஞ்ச நேரம் அவளைத்தான் தேடுகின்றன. தன் முழங்கையில் ரத்தம் வழியும்போதும் என் காலைப் பற்றிக் கேட்ட ஒருத்தி எனக்கு இருந்தாள் என்பதுதான், நான் ஏறிய உயரங்களிலேயே பெரியது.