பேனாவால் போட்ட கட்டம்

கடலூரிலிருந்து சிதம்பரம் போய்ச் சேருவதற்குள், யாரையும் கேட்காமல், போனைத் தொடாமல், ஆங்கிலப் பேப்பரின் குறுக்கெழுத்தை முடித்துவிட வேண்டும். எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி இது. அண்ணாமலை நகரில் எனக்கு ஆபீஸ் வேலை, தினமும் பஸ்தான்.

ஐப்பசி மழை நாள் ஒன்றில், 'கனமழையில் கொட்டும் இரண்டு பிராணிகள்' என்றொரு குறிப்பு. டாக்ஸ் அண்ட் கேட்ஸ் என்று பேனாவால் எழுதினேன். எழுத்துக் கணக்கும் சரியாக வந்தது. அதன் முதல் எழுத்திலிருந்து கீழே இறங்கும் கட்டத்துக்கு, சுலபமான வேலையை ஆங்கிலத்தில் எதன் துண்டு என்பார்கள் என்று கேட்டிருந்தது. கேக் என்று எனக்குத் தெரியும். ஆனால் அது 'சி'யில் தொடங்கும். நான் போட்டிருந்ததோ 'டி'. கேக்தான் தப்பு என்று முடிவு கட்டி, அந்தக் கட்டங்களைக் காலியாக விட்டேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆபீஸ் தோழி, "போன்ல பாருங்கக்கா" என்றாள். முறைத்தேன்.

சாயங்காலம் திரும்பும்போது பஸ்ஸுக்குள் சாரல் அடித்தது. ஜன்னலை மூடச் சொல்லி ஒருத்தி, மூடவே கூடாது என்று இன்னொருத்தி. "நாயும் பூனையும் மாதிரி அடிச்சிக்கிறாங்க பாருங்க" என்றாள் தோழி.

எனக்குச் சுருக்கென்றது. நாயை முன்னால் நிறுத்தியது என் தமிழ். ஆங்கில மழையில் பூனைதான் முதலில் விழும்: கேட்ஸ் அண்ட் டாக்ஸ்.

காலைப் பேப்பரை எடுத்து அடித்துத் திருத்தினேன். கேக் தன் இடத்தில் உட்கார்ந்தது.

"நாளைக்குப் பென்சில் எடுத்துட்டு வாங்கக்கா, அழிச்சிக்கலாம்."

"மாட்டேன். நான் தப்பு பண்ணா, அது தெரியட்டும்" என்று பேனாவை மூடினேன்.