மேல்மண் காய்ந்த பாத்தி

பாலம்மா அக்கா எங்கே உட்காரப் போனாலும் முதலில் குனிந்து உள்ளங்கையால் தரையைத் தொட்டுப் பார்ப்பார். ஈரம் பட்டால் உட்கார மாட்டார். பேராதனைப் பக்கத்தில் ஒரு பயிர் ஆராய்ச்சிப் பண்ணையில் அவரோடு வேலை செய்த இத்தனை வருடத்தில் இது ஒரு நாளும் தவறியதில்லை.

அவருக்குச் சொந்த ஊர் தெல்தோட்டைப் பக்கம். ஒரு பெருமழையில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் மேல் மலை மண் சரிந்தது. அன்று காலை அடுப்படித் தரையில் தண்ணீர் கசிந்திருக்கிறது. சாக்கைப் போட்டுத் துடைத்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனார். மகள் கிருஷாந்தி வீட்டில் இருந்தாள். அவளை மண்ணிலிருந்து எடுக்க முடியவில்லை.

பண்ணையில் மழை படாத கூரைக்குக் கீழே பாலைவனச் செடிகள் நட்டார்கள். ஒரு பாத்திக்கு மேலிருந்து தண்ணீர். மற்றதற்கு மண்ணுக்குள் புதைத்த குழாயில். மேல்மண் காய்ந்தே இருந்தால் வேர் ஆழமாக இறங்குமா என்று பார்ப்பதற்கு. தண்ணீர் விடும் வேலை பாலம்மா அக்காவுக்கு. அந்தச் சம்பளத்தில்தான் குண்டசாலையில் மேல்மாடி அறை எடுத்திருந்தார். வேலை போனால் சரிந்த மலைக்குப் பக்கத்து லயத்துக்கே திரும்ப வேண்டும்.

செடிகளைப் பிடுங்கிப் பார்த்த அன்று இரண்டு பாத்தியிலும் வேர்கள் மேலாகவே படர்ந்திருந்தன. பொறுப்பாளர் ஸ்ரீஸ்கந்தராசா ஐயா நிமிர்ந்தார்.

"குழாயைத் திறந்தனீங்களோ, பாலம்மா?"

"இல்லீங்க சேர். வாளியில மேல ஊத்துனேன்."

"இவ்வளவு நாளும் வாளி தூக்கினனீங்களோ? குழாய் திருகிறது அதைவிடப் பாரமோ?"

யாரோ சிரித்தார்கள்.

"கீழ விட்டா தண்ணி எங்க போய் நிக்கும்னு தெரியாதுங்க. எம் புள்ள மண்ணுக்குள்ளதான கெடக்குறா. நனஞ்சிருவா."

ஐயா கையிலிருந்த செடியைக் கீழே வைத்தார். பிறகு என்னைக் காட்டினார்.

"இனி இவ குழாயைத் திறக்கட்டும். நீங்கள் மேல்தண்ணிப் பாத்தியைப் பாருங்கோ."

"வேலைக்கு வரலாங்களா சேர்?"

"ஓம், வாங்கோ."

புதிதாக நட்டோம். நான் குழாயைத் திறந்தால் மண்ணுக்குள் யாரோ விழுங்குவது போலச் சத்தம் வரும். அக்கா வெளியே போய்ச் சிமெந்துப் படியில் நிற்பார்.

"நின்னுருச்சா புள்ள?"

"நின்னுருச்சுக்கா."

அதன் பிறகுதான் உள்ளே வருவார்.

இப்போது குழாய்ப் பாத்தியில் வேர்கள் ஆழமாக இறங்கியிருக்கின்றன; செடிகளும் நன்றாக இருக்கின்றன. அக்காவுக்கு வேலையும் அறையும் இருக்கின்றன. அந்தப் பாத்தியின் மேல்மண் எப்போதும் பொடியாகக் காய்ந்துதான் கிடக்கிறது; ஈரமெல்லாம் அடியில். அதை மட்டும் அவர் தொட்டுப் பார்ப்பதில்லை.