தம்பியின் டேப்லெட்டும் என் வயிற்றெரிச்சலும்

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது இது. நான் பக்கத்திலேயே மேட்டுப்பாளையத்தில் பிளாஸ்டிக் டப்பா செய்கிற கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறேன். படிப்பு பத்தாவதோடு சரி. எழுத்து முன்னே பின்னே இருந்தால், இதைப் படிக்கிற பிள்ளைகள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் என் தம்பியும் ஒரே வீடு. நாங்கள் கீழே, அவன் மாடியில். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் ஒரே கடையில் ஆளுக்கு ஒன்றாகப் பழைய டேப்லெட் வாங்கினோம். ஒரே நிறம், ஒரே அளவு. பக்கத்தில் வைத்தால் எது யாருடையது என்று தெரியாது. இரண்டுமே ஆமை. விரலை வைத்துவிட்டு டீ குடித்து வந்தால்தான் திறக்கும்.

தம்பி சும்மா இருக்கவில்லை. வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, கம்பெனிக்காரன் போட்டுக் கொடுத்த சிஸ்டத்தை எடுத்துவிட்டு, வேறு ஆட்கள் செய்த புது சிஸ்டத்தைத் தன் டேப்லெட்டில் ஏற்றிவிட்டான். இதை ஃபிளாஷ் பண்ணுவது என்பார்கள். அதற்கு முதலில் டேப்லெட்டுக்குள் இருக்கிற ஒரு பூட்டைத் திறக்க வேண்டும். திறந்தால் உள்ளே நாம் வைத்திருப்பதெல்லாம் அழிந்துவிடும். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றிலிருந்து அவன் டேப்லெட் பறந்தது. ஏழாவது படிக்கிற என் மகளும் மாடிக்குப் பறந்தாள். ஸ்கூல் போட்டிக்காக எங்கள் டேப்லெட்டில் ஒரு படக்கதை வரையத் தொடங்கியிருந்தாள். கடற்கரைச் சாலையில் ஒரு தெருநாய் லைட்ஹவுசைத் தேடிப் போகிற கதை. முன்பெல்லாம் ஒரு படம் முடிந்தால் முதலில் என்னிடம்தான் ஓடி வருவாள். இப்போது முதலில் சித்தப்பா, அப்புறம்தான் நான்.

"சித்தப்பாவோடதுல பேனா வச்ச எடத்துல கோடு வருதுப்பா. நம்மளுதுல இன்னிக்கு இழுத்தா நாளைக்கு வருது" என்றாள் ஒருநாள். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். வயிற்றுக்குள் மட்டும் பற்றிக்கொண்டு எரிந்தது.

எங்கள் டேப்லெட்டில் இருந்த படங்களைப் புரட்டினேன். நாய்க்குப் பிஸ்கட் போடுகிற ஆளுக்கு அப்படியே என் தம்பி மீசை.

"நான் எங்கம்மா?" என்று கேட்டேன்.

"நீ ஷிஃப்ட்டுக்குப் போயிருக்கேப்பா" என்றாள்.

அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை எனக்கு.

தம்பி நல்ல மனசோடுதான் கேட்டான். "குடுண்ணா, உன்னுதையும் போட்டுத் தரேன்." எனக்குத்தான் வாங்கிக்கொள்ள மனசு வரவில்லை. "அவசரமில்லடா" என்று சொல்லிவிட்டேன். நானே செய்து அவள் கையில் கொடுக்க வேண்டும், அவள் கண் விரிய வேண்டும். இதே நினைப்பு.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் மாடியில் இருந்தாள். மனைவி கடைக்குப் போயிருந்தாள். நானும் தம்பியும் சேர்ந்து பயன்படுத்துகிற லேப்டாப்பில் அவன் இறக்கிய ஃபைல் அப்படியே இருந்தது. டேப்லெட்டும் அதே டேப்லெட்தானே என்று ஒயரைச் சொருகினேன். பூட்டைத் திறக்கப் போனேன். 'எல்லாம் அழியும், சரியா?' என்று கேட்டது, சரி என்றேன். ஃபைலை ஏற்றும்போது 'இது பொருந்தாது' என்று எச்சரிக்கை வந்தது. வீடியோவில் பேசினவரோ, இதைக் கண்டுக்காதீங்க, தாண்டிப் போற வழி இருக்கு என்றார். தாண்டிப் போனேன்.

அவ்வளவுதான். கம்பெனி பெயர் வந்தது, அணைந்தது. மறுபடி வந்தது, மறுபடி அணைந்தது. விக்கல் எடுத்த மாதிரி அதையே செய்துகொண்டிருந்தது. எந்தப் பொத்தானை அழுத்தியும் நிற்கவில்லை.

அப்போதுதான் நாய்க்கதை ஞாபகம் வந்தது. மறுநாள் காலையில் ஸ்கூலில் கொடுக்க வேண்டும். எல்லாப் படமும் இதற்குள்தானே இருந்தது! மாடிப்படியில் மகள் இறங்கி வருகிற சத்தம். டேப்லெட்டைத் தலையணைக்கு அடியில் தள்ளினேன். அங்கேயும் அது விட்டு விட்டு மினுக்கியது.

"இன்னாப்பா அது, தலகாணி கண்ணடிக்குது?" என்றாள்.

மறைக்க முடியவில்லை. "உன் படமெல்லாம் போச்சும்மா" என்றேன்.

அவள் அலட்டிக்கொள்ளவே இல்லை. "அதெல்லாம் சித்தப்பா டேப்ல இருக்குப்பா. இது என்னிக்காவது படுத்துக்கும்னு அப்பவே எல்லாத்தையும் அங்க ஏத்திட்டேன்."

எனக்குப் போன உயிர் வந்தது. உங்களிடம் பொய் சொல்லக் கூடாது, வந்த உயிரோடு அந்தப் பொறாமையும் கூடவே வந்தது. அதிலும் அவன்தானா!

வேறு வழியில்லாமல் மாடியைப் பார்த்துக் கூப்பிட்டேன். தம்பி வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "யோவ் அண்ணா, உன்னுது சிம் போடுறது. என்னுது வைஃபை மட்டும்தான். ரெண்டுக்கும் ஃபைலே வேற. கேட்டிருந்தா வேணாம்னா சொல்லப்போறேன்?"

டேப்லெட்டைக் கவிழ்த்து, முதுகில் பொடி எழுத்தில் இருந்த மாடல் நம்பரை உரக்கப் படித்தான். என்னை அறியாமல் என் வாய் அதைத் திருப்பிச் சொன்னது.

"இன்னாப்பா, கிளி மாதிரி சொல்றே?" என்று மகள் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது எங்கள் கம்பெனிப் பழக்கம். மெஷினில் டப்பா வார்க்கிற அச்சை மாட்டும் முன், அச்சின் தகட்டில் இருக்கிற நம்பரை ஒருவர் படிக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். வெளியே பார்த்தால் எல்லா அச்சும் ஒன்று போலத்தான் இருக்கும். தப்பான அச்சு ஏறினால் மெஷினே போய்விடும். தனி ஆளாக நான் அங்கே ஒரு அச்சைக்கூட மாட்டியதில்லை. வீட்டில் மட்டும் தனியாக உட்கார்ந்தேன். திருப்பிச் சொல்ல வேண்டிய ஆள் மாடியில்தான் இருந்தான், அவனைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

சரியான ஃபைலைத் தேடி இறக்கி, சாயங்காலத்துக்குள் தம்பி அதை ஓடவிட்டான். ஃபைலை ஏற்றும் முன் ஒவ்வொரு தடவையும் அவன் நம்பரைப் படித்தான், நான் திருப்பிச் சொன்னேன். மகள் படங்களை அவன் டேப்லெட்டிலிருந்து எடுத்து மறுநாள் ஸ்கூலில் கொடுத்தாள்.

எங்கள் டேப்லெட்டும் இப்போது பறக்கிறது. ஆனாலும் அவள் மாடிக்குத்தான் போய் வரைகிறாள். அங்கே காற்று வருகிறதாம். அவள் படியேறும் சத்தம் கேட்டால் இன்றும் எனக்குள் சுருக்கென்கிறது. அன்றைக்கு என் வாயைக் கட்டியதும் இந்தச் சுருக்குத்தான் என்று தெரிந்துகொண்டதால், எது செய்யப்போனாலும் முதலில் மாடியைப் பார்த்து ஒரு குரல் கொடுத்துவிடுகிறேன்.